தேய்மானம்: ஒரு பீங்கான் தட்டின் கணக்கு

தமிழ்ல "தேய்மானம்"னு ஒரு அருமையான வார்த்தை இருக்கு மக்களே. செருப்பு தேயறதும் தேய்மானம்தான். கணக்குப் புத்தகத்துல இயந்திரத்தோட மதிப்பை வருஷா வருஷம் குறைச்சு எழுதுறதும் தேய்மானம்தான். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் வேற வேற வார்த்தை. நம்மாளுங்க ரெண்டையும் ஒண்ணா வெச்சது சும்மா இல்லைன்னு எனக்கு இப்பதான் தோணுது.

காமர்ஸ் படிக்கிறவங்களுக்குத் தெரியும். நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை... தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஆனா ஒவ்வொரு கணக்குலயும் "இயந்திரத்தின் பயனுள்ள ஆயுட்காலம் 10 ஆண்டுகள் எனக் கொள்க"ன்னு ஒரு வரி வரும் பாருங்க, அந்த 10 எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் கேட்கிறதும் இல்லை, சொல்றதும் இல்லை. கொள்கன்னா கொண்டுட்டுப் போயிடுறோம்.

அந்த 10 எப்படிப் பிறக்குதுன்னு தெரிஞ்சுக்க ஒரு நல்ல உதாரணம் தேடினேன். சிக்கினது பீங்கான் ஃப்யூயல் செல். அதுக்குள்ள இருக்கிற எலக்ட்ரோடுங்க எதனால செஞ்சது, எப்படித் தேயுது என்பதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. "காமர்ஸ் படிக்கிற உனக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு கேட்கிற சயின்ஸ் குரூப் நண்பர்கள் கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டவும் :-)

முதல்ல ஃப்யூயல் செல்னா என்னன்னு சுருக்கமா. எரிபொருளை எரிக்காமலே அதுல இருந்து மின்சாரம் எடுக்கிற பெட்டி. டீசல் ஜெனரேட்டர்ல எரிச்சு, சூடாக்கி, பிஸ்டனைத் தள்ளி, சுத்தவிட்டு அப்புறம் கரண்ட் எடுக்கிறோம். ஒவ்வொரு கைமாத்தலுக்கும் கமிஷன் போகுது. ஃப்யூயல் செல்ல இடைத்தரகர் கிடையாது. அதனால எரிபொருள்ல இருக்கிற சக்தியில 50-60 சதவீதம் வரைக்கும் மின்சாரமா கிடைக்கும்.

இதுல பல ஜாதி இருக்கு. நாம பார்க்கப்போற ஜாதியில நடுவுல இருக்கிறது ஒரு பீங்கான் தட்டு. ஜிர்கோனியாவுல கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்து செஞ்சது. இந்த ஜிர்கோனியா உங்க வீட்லயே இருக்கலாம். கவரிங் கடையில ஏ.டி. கல், அமெரிக்கன் டைமண்ட்னு கொடுக்கிறாங்களே, அதுவும் இந்தச் சொந்தக்காரர்தான். இதை 600ல இருந்து 1000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாக்கினா ஒரு அதிசயம் நடக்குது. எலக்ட்ரானை விடாது, வாயுவை விடாது, ஆனா ஆக்சிஜன் அயனியை மட்டும் உள்ளே விடும். 19ஆம் நூற்றாண்டோட கடைசியில ஜெர்மனியில நெர்ன்ஸ்ட் இதே மாதிரிக் கலவையை வெச்சு விளக்கே செஞ்சார். 1937ல சுவிட்சர்லாந்துல பாவரும் பிரைஸும் இதை வெச்சு ஃப்யூயல் செல் செஞ்சு காட்டினாங்க.

தட்டுக்கு ரெண்டு பக்கமும் பூசுற மெல்லிய அடுக்குகள்தான் எலக்ட்ரோடுங்க. ஒரு பக்கம் காற்று, இன்னொரு பக்கம் எரிபொருள். காற்றுப் பக்கத்துல ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கிட்டு அயனியாகி, தட்டு வழியா அந்தப் பக்கம் போகும். எரிபொருள் பக்கத்துல ஹைட்ரஜனோட சேர்ந்து தண்ணியாகி, வாங்கின எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துடும். எலக்ட்ரானுக்குத் தட்டு வழியா பாதை இல்லை, அதனால வெளியே கம்பி வழியா சுத்தி வரணும். அந்தச் சுத்துதான் நமக்குக் கரண்ட்.

கேட்கிறதுக்கு சிம்பிளா இருக்குல்ல? 1937லயே செஞ்சு காட்டினதுன்னா இன்னிக்கு ஏன் தெருவுக்குத் தெரு இல்லை? விஷயமே அங்கதான்.

எலக்ட்ரோடு செய்யற வேலை ஒரு சந்தை மாதிரி. சரக்கு, வாங்குறவர், காசு மூணும் ஒரே இடத்துல வந்தாதான் வியாபாரம். இங்கே வாயு, அயனி, எலக்ட்ரான் மூணும் ஒரே புள்ளியில சந்திக்கணும். அதனால அந்த அடுக்கு வாயு போய்வர ஓட்டை ஓட்டையா இருக்கணும், எலக்ட்ரான் ஓடணும், அயனிக்கும் வழி வேணும். இதெல்லாம் 800 டிகிரியில, வருஷக்கணக்கா, தட்டை விட்டு உரியாம, தட்டோட சண்டை போடாம நடக்கணும். ஒரு பொருள் கிட்ட இத்தனையும் எதிர்பார்த்தா எப்படி? பொண்ணு பார்க்கிற வீட்டு லிஸ்ட் மாதிரி நீளுது.

பாவரும் பிரைஸும் எரிபொருள் பக்கம் இரும்பு, கரி, காற்றுப் பக்கம் மேக்னடைட் இரும்பு ஆக்சைடுன்னு வெச்சுப் பார்த்தாங்க. 1960கள்ல வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வாளர்கள் பிளாட்டினம் வெச்சுப் பார்த்தாங்க. பிளாட்டினம் நல்லாவே வேலை செய்யும். ஆனா ஒரு கிராம் பிளாட்டினம் வாங்குற காசுக்கு ஒரு கிலோவுக்கு மேல நிக்கல் வாங்கலாம். கணக்குப் பிள்ளைக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

சரி, நிக்கலையே வெச்சா? ஹைட்ரஜனை உடைக்கிறதுல நிக்கல் கெட்டிக்காரன், எலக்ட்ரானையும் நல்லா கடத்தும். சிக்கல் என்னன்னா சூடானா ஜிர்கோனியாவை விட அதிகமா விரியும், உரிஞ்சு வந்துடும். அது போதாதுன்னு அந்தச் சூட்டுல நிக்கல் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகிடும். ஓட்டையும் போச்சு, சந்தையும் போச்சு.

இதுக்கு வழி சொன்னவர் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில இருந்த ஸ்பாசில். 1964ல விண்ணப்பிச்சு 1970ல கிடைச்ச காப்புரிமை. நிக்கலோட ஜிர்கோனியாத் தூளையும் கலந்துடு, அவ்வளவுதான். ஜிர்கோனியா எலும்புக்கூடு மாதிரி நின்னு நிக்கல் துகள்களைத் தனித்தனியா பிடிச்சு வைக்கும், விரியறதைக் குறைக்கும், அயனிக்கும் உள்ளே பாதை போட்டுக் கொடுக்கும். ஒரே கல்லுல மூணு மாங்கா. செய்யற விதம் இன்னும் அழகு. நிக்கல் ஆக்சைடைக் கலந்து சூளையில சுடறாங்க. அப்புறம் ஹைட்ரஜனைக் காட்டினா ஆக்சைடு நிக்கலா மாறி 40 சதவீதம் அளவுக்குச் சுருங்குது. சுருங்கின இடமெல்லாம் வாயு போக ஓட்டை. இத்தனை வருஷம் ஆகியும் பெரும்பாலான இந்த ஜாதி செல்கள்ல எரிபொருள் பக்கம் இந்தக் கலவையோட வம்சம்தான்.

காற்றுப் பக்கத்துல உலோகம் எல்லாம் தாங்காது, துருப்பிடிச்சுடும். அங்கே எலக்ட்ரான் கடத்துற ஆக்சைடு பீங்கான் வேணும். பழைய ஆள் லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட். பொறுமைசாலி, ஜிர்கோனியா கூட ஒத்துப்போகும். ஆனா எலக்ட்ரானை மட்டும்தான் கடத்தும். அதனால சந்தை தட்டைத் தொடுற ஓரத்துல மட்டும்தான் கூடும். 900, 1000 டிகிரின்னா பரவாயில்லை. சூட்டைக் குறைச்சா வியாபாரம் டல். புது ஆள் லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு நாலும் சேர்ந்த ஆக்சைடு. இவர் எலக்ட்ரானையும் கடத்துவார், அயனியையும் கடத்துவார். அதனால ஓரம் மட்டும் இல்லை, மேற்பரப்பு பூராவும் சந்தை. 700 டிகிரியிலயே நல்லா ஓடும். ஆனா இவருக்கும் ஜிர்கோனியாவுக்கும் ஆகாது. ரெண்டும் தொட்டா ஸ்ட்ரான்சியம் போய் ஜிர்கோனியாவோட சேர்ந்து கரண்ட் கடத்தாத ஒரு படலம் உண்டாகிடும். அதனால நடுவுல சீரியம் ஆக்சைடுல கடோலினியம் கலந்து ஒரு தடுப்புச் சுவர் போடறாங்க. கூட்டுக்குடும்பத்துல அண்ணன் தம்பிக்கு நடுவுல சுவர் எழுப்பற மாதிரி.

இதோட நான் இயற்பியல் பாடத்தை நிறுத்திக்கிறேன். இப்போ நம்ம பாடம்: தேய்மானம்.

இந்தப் பெட்டிக்குள்ள சுத்துற சக்கரம் கிடையாது, உரசுற பிஸ்டன் கிடையாது. அப்புறம் எது தேயும்? எலக்ட்ரோடுங்கதான் முக்கியமா தேயும். எப்படித் தேயுதுன்னு பார்த்தா ஒவ்வொண்ணும் ஒரு கதை.

ஒண்ணு, எலும்புக்கூடு பிடிச்சு வெச்சாலும் நிக்கல் துகள்கள் மெதுவா, மணிக்கணக்கா, வருஷக்கணக்கா நகர்ந்து ஒட்டிக்கிட்டே இருக்கும். இது வயசாகிறது. தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது.

ரெண்டு, எரிபொருள் திடீர்னு நின்னு அந்தப் பக்கம் காற்று புகுந்துட்டா, நிக்கல் திரும்ப ஆக்சைடாகி 70 சதவீதம் அளவுக்கு உப்பும். பீங்கான் தட்டு அதைத் தாங்காது, விரிசல் விழும். இது வயசு இல்லை, விபத்து.

மூணு, இயற்கை எரிவாயுவை நேரடியா விட்டா நிக்கல் மேல கரி படியும். ஹைட்ரஜனை உடைக்கிற அதே கெட்டிக்காரத்தனம்தான் மீத்தேனையும் உடைச்சுக் கரியாக்குது. அப்புறம் கந்தகம். சமையல் கேஸ் கசிஞ்சா ஒரு நாத்தம் வருதே, அது கேஸோட சொந்த வாசனை இல்லை. கசிவு தெரியணும்னு வேணும்னே சேர்க்கிற கந்தகச் சேர்மம். நம்ம உயிரைக் காப்பாத்த சேர்த்த அந்தப் பொருள் நிக்கலுக்கு விஷம். அதனால செல்லுக்குள்ள விடறதுக்கு முன்னாடி கந்தகத்தை வடிகட்டியே ஆகணும். அந்த வடிகட்டியும் ஒரு செலவுக் கணக்கு.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு செல் ஒரு வோல்ட் கூடக் கொடுக்காது. அதனால நிறைய செல்லை அடுக்கித்தான் ஒரு ஸ்டாக் செய்யறாங்க. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல எவர்சில்வர் தகடு. எவர்சில்வர் ஏன் துருப்பிடிக்காது? மேல இருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம்தான் காரணம். ஆனா 700, 800 டிகிரியில, ஈரக் காற்றுல, அந்தப் படலமே கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி, பக்கத்துல இருக்கிற காற்று எலக்ட்ரோடு மேல போய் உட்கார்ந்துடும். தகட்டைக் காப்பாத்துற கவசம் பக்கத்து வீட்டுக்காரரைக் கொல்லுது. இதுக்காகவே தகட்டு மேல மாங்கனீஸ், கோபால்ட் கலந்த ஆக்சைடு பூச்சு கொடுக்கிறாங்க.

இப்போ இதெல்லாம் சேர்ந்து ரூபாயில என்ன ஆகுதுன்னு ஒரு சின்ன கணக்கு. எண்கள் என் கற்பனை, புரியறதுக்காக மட்டும். ஒரு கிலோவாட் ஸ்டாக் விலை 80,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். அது 40,000 மணி நேரம், அதாவது சுமார் நாலரை வருஷம், முழுசா ஓடினா ஒரு யூனிட்டுக்கு ஸ்டாக் செலவு மட்டும் 2 ரூபாய். அதே ஸ்டாக் 10,000 மணி நேரத்துல படுத்துட்டா ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய். எரிபொருள் காசு தனி! வாங்கின விலை ஒரு பைசா மாறலை. திறன் மாறலை. ஆயுள் மட்டும்தான் மாறிச்சு. லாபம் நஷ்டமாச்சு.

ஆயுளும் பட்டுனு முடியறதில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமா வோல்டேஜ் குறையும். 1000 மணி நேரத்துக்கு 1 சதவீதம் குறையுதுன்னா சின்ன எண்ணாத்தான் தெரியும். 40,000 மணி நேரத்துல அது 40 சதவீதம். 0.5ன்னா 20. 0.2ன்னா 8. அமெரிக்க எரிசக்தித் துறை தன்னோட ஆராய்ச்சித் திட்டத்துக்கு இலக்கா வெச்சது இந்த 0.2தான். நேர்க்கோட்டு முறையை அச்சு அசலா இயற்கையே போடுது பாருங்க.

முடியுமான்னு கேட்டா, முடியும்னு காட்டினவங்க இருக்காங்க. ஜெர்மனியில யூலிஷ் ஆராய்ச்சி மையத்துல 2007 ஆகஸ்ட்ல ஒரு சின்ன ஸ்டாக்கை ஓட விட்டாங்க. 2019 ஜனவரியிலதான் நிறுத்தினாங்க. 11 வருஷத்துக்கு மேல. அதுல 93,000 மணி நேரம் மின்சாரம் கொடுத்திருக்கு. 700 டிகிரியில, 1000 மணி நேரத்துக்குச் சராசரியா 0.5 சதவீதம் அளவுலதான் தேய்ஞ்சிருக்கு. நாம எட்டாவது படிக்கும்போது ஓட ஆரம்பிச்சு காலேஜ் முடிச்சு வேலைக்குப் போற வரைக்கும் நிக்காம ஓடற மாதிரி. ஆனா ஒண்ணு, அது ஆய்வகம். சுத்தமான எரிபொருள், சீரான ஓட்டம், கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற ஆளுங்க. வாடிக்கையாளர் இடத்துல அப்படி இருக்காது.

நம்ம பக்கத்துத் தொடர்பும் ஒண்ணு சொல்லணும். கே.ஆர்.ஸ்ரீதர், திருச்சி ஆர்.இ.சி.யில மெக்கானிக்கல் படிச்சவர். அமெரிக்காவுல அரிசோனா பல்கலைக்கழகத்துல இருந்தப்போ, செவ்வாயோட கரியமில வாயுவுல இருந்து ஆக்சிஜன் எடுக்கிற கருவியை நாசாவுக்காகச் செஞ்சுக்கிட்டிருந்தார். இதே பீங்கான் தட்டுதான், ஆனா தலைகீழா: கரண்ட் கொடுத்தா ஆக்சிஜன். அதைத் திருப்பிப் போட்டா ஆக்சிஜன் கொடுத்து கரண்ட். 2001ல ஆரம்பிச்ச கம்பெனிதான் இன்னிக்கு ப்ளூம் எனர்ஜி. 2018ல பங்குச் சந்தைக்கு வந்துச்சு. இந்த மாதிரி கம்பெனி பெட்டியை மட்டும் விக்கிறதில்லை, "இத்தனை வருஷத்துக்கு இவ்வளவு மின்சாரம் வரும், குறைஞ்சா மாத்திக் கொடுப்போம்"னு சேவை ஒப்பந்தமும் சேர்த்து விக்குது. அப்போ எலக்ட்ரோடு தேயற வேகம் நேரா லாப நட்டக் கணக்குக்கு வந்துடுது. 2020 பிப்ரவரியில அந்தக் கம்பெனி, சில ஒப்பந்தங்கள்ல முன்கூட்டியே மொத்தமா காட்டின வருவாயை ஒப்பந்தக் காலம் பூராவும் பிரிச்சுக் காட்டணும்னு பழைய கணக்குகளைத் திருத்தறதா அறிவிச்சது. அது கணக்கியல் விதி சம்பந்தப்பட்டது, எலக்ட்ரோடு மேல பழி இல்லை. ஆனா கேள்வி அதேதான்: இந்தப் பணம் எத்தனை வருஷத்துக்குச் சொந்தம்?

செவ்வாய்க் கதையும் பின்னாடி நடந்தது. நாசாவோட பெர்சிவரன்ஸ் வண்டியில போன மாக்ஸி கருவி 2021 ஏப்ரல்ல முதல் தடவை அங்கே ஆக்சிஜன் செஞ்சது. 2023 வரைக்கும் 16 தடவை ஓட்டி மொத்தம் 122 கிராம். அங்கேயும் நிக்கல்தான், அங்கேயும் அதே பயம்தான். கரியமில வாயுவே சூட்டுல நிக்கலைத் துருப்பிடிக்க வெச்சுடும். அதனால வெளியே வர்ற கார்பன் மோனாக்சைடுல கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டுக் காப்பாத்தினாங்க. கிரகம் மாறினாலும் தேய்மானம் விடாது போல.

தேய்மானத்தை விட்டா அடுத்த தலைவலி சரக்கு கிடைக்கிறது. 2022 மார்ச் 8ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில நிக்கல் டன்னுக்கு 1,00,000 டாலரைத் தாண்டி, வர்த்தகத்தையே நிறுத்த வேண்டியதாச்சு. 2025 ஏப்ரல்ல சீனா ஏழு அரிய மண் தனிமங்களை ஏற்றுமதி பண்ண உரிமம் வேணும்னு சொல்லிடுச்சு. அந்த ஏழுல இட்ரியம், கடோலினியம், ஸ்காண்டியம் மூணும் உண்டு. முதல் ரெண்டும் எதுக்குன்னு மேல பார்த்தோம். மூணாவது, ஜிர்கோனியாவுல இட்ரியத்துக்குப் பதிலா கலக்கறது, அயனி இன்னும் வேகமா ஓடும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்லயே ஜிர்கானும், லாந்தனம், சீரியம் இருக்கிற மோனசைட்டும் உண்டு. மத்திய அரசோட ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே மணல்ல இருந்து பிரிச்செடுக்குது. ஆனா மணல் இருக்கிறது வேற, எலக்ட்ரோடு செய்யற தூள் இருக்கிறது வேற. அரிசி இருந்தா மட்டும் பிரியாணி ஆகாது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு? 2023 ஜனவரியில மத்திய அரசு தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்திருக்கு. தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுக்கிற வழிகள்ல இந்தப் பீங்கான் தட்டைத் தலைகீழா ஓட்டறதும் ஒண்ணு. நாளைக்கு யாராவது வந்து "எங்க பெட்டி 60 சதவீதம் திறன், விலை இவ்வளவுதான்"னு சொல்லுவாங்க. கடன் கொடுக்கிற பேங்க்ல, தணிக்கை பண்ற ஆபீஸ்ல, டெண்டர் பார்க்கிற மேசையில உட்காரப்போறது விஞ்ஞானி இல்லை. பி.காம். படிச்ச நாமதான்.

நம்ம சட்டத்துலயே இதுக்கு இடம் இருக்கு. 2013 கம்பெனிகள் சட்டத்தோட இரண்டாம் அட்டவணைப்படி, ஒரு சொத்துல ஒரு பாகம் விலையில பெருசா இருந்து அதோட ஆயுள் மட்டும் வேறயா இருந்தா, அந்தப் பாகத்துக்குத் தனியா தேய்மானம் போடணும். இரும்புப் பெட்டி 15 வருஷம் நிக்கும். உள்ளே ஸ்டாக் அஞ்சு வருஷம் நின்னா பெரிய விஷயம். ரெண்டையும் ஒண்ணா 15 வருஷத்துக்குப் போட்டா முதல் வருஷங்கள்ல லாபம் பளபளன்னு தெரியும். ஆறாவது வருஷம் பூனை வெளியே வரும்.

அதனால நான் கேட்கப்போற கேள்வி மூணுதான். எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தீங்க, ஆய்வகத்துலயா வாடிக்கையாளர் இடத்துலயா? 1000 மணி நேரத்துக்கு எவ்வளவு தேய்ஞ்சது? தேய்ஞ்சதை மாத்துற செலவு யார் தலையில? விலையை அப்புறம் பேசிக்கலாம்.

"10 ஆண்டுகள் எனக் கொள்க"ன்னு இனிமே பரீட்சைத் தாள்ல வந்தா கொண்டுக்கிட்டுத்தான் ஆகணும், மார்க் வேணுமே. ஆனா அந்த 10க்குப் பின்னாடி எங்கேயோ ஒரு துகள் இன்னொரு துகள் பக்கத்துல மெதுவா நகர்ந்துக்கிட்டிருக்கு.

பி.கு: வேதியியல் நண்பர்கள் தப்பு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திடறேன். "சந்தை உதாரணம் சரியில்லை"ன்னு சொல்ல வர்றவங்க வேற நல்ல உதாரணத்தோட வரவும். காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் கேட்டவங்களுக்கு அடுத்த வாரம் :-)